நீல அட்டையும் ஒன்பது வெள்ளியும்: 41 வயதில் வேலையை விட்டவன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2023 தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அத்தை வீட்டில் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தோம். அத்தையின் கொழுந்தனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். 67 வயதில் ஒரு கொண்டோமினியத்தில் வாரம் நான்கு இரவு காவல் வேலை பார்க்கிறார். தீபாவளி அன்றும் அவருக்கு வேலை இருந்தது. சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டே, சோபாவில் நீட்டிப் படுத்திருந்த அத்தை மகனைப் பார்த்தார்.

"கைகால் நல்லா இருக்குறவன் வீட்ல கெடக்கான். கெழவன் நான் ராத்திரி முழிக்கப் போறேன். இவனுக்கும் சேத்துத்தானே நாங்க வரி கட்டுறோம்?"

அத்தை மகன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்காக நீங்க ஒரு காசு கட்டலை சித்தப்பா. நான் சேத்து வச்சதுல சாப்பிடுறேன்."

அப்புறம் குரல்கள் உயர்ந்தன. அத்தை என் பக்கம் திரும்பினார். சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் நான் கணக்காளன். குடும்பத்தில் யார் வீடு வாங்கினாலும் கடன் கணக்கு என்னிடம்தான் வரும். "தம்பி, நீ பாத்துச் சொல்லு. யாரு யாருக்குக் கட்டுறாங்கன்னு" என்றார்.

விளையாட்டாகத்தான் ஒத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் ஐந்தாறு முறை அவனோடு உட்கார்ந்து அவன் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். பெயரும் வேலை பார்த்த இடமும் வராமல் எழுதிக்கொள்ளச் சொன்னான். ஆய்வு என்பதால் ‘அவர்’ என்று எழுத முயன்றேன், கை வரவில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவன், ‘அவன்’ என்றே இருக்கட்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 53 வயது, தினமும் காலை ஆறரைக்கு ரயிலேறுகிறேன். அவன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

ஆளும் பணமும்

1981இல் பிறந்தவன். அப்பா துறைமுகத் தொழிலாளி. வீடு ஈசூனில் நான்கறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, இன்று அத்தை பெயரில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி இரண்டும் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில். கணக்கில் தடுமாறியபோது இந்தியர் மேம்பாட்டு அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்புக்குப் போனான். இரண்டரை ஆண்டு தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தான். படிப்புச் செலவில் பெரும்பகுதியைக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் ஏற்றுக்கொண்டது. 2006இல் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்தான். தொடக்கச் சம்பளம் மாதம் 2,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). 2022 டிசம்பரில் வேலையை விட்டபோது 7,200 வெள்ளி.

பதினாறு ஆண்டு. கார் இல்லை. திருமணம் ஆகவில்லை. சொந்தமாக வீடு வாங்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று அத்தை சொல்வார். ஆனால் அவன் வயிற்றைக் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை, நன்றாகவே சாப்பிடுவான். கட்டியது வேறு இடத்தில். கைப்பேசி பழுதானால் ஒழிய மாற்ற மாட்டான். கடைத்தொகுதிப் பக்கம் குளிரூட்டிக்காகக்கூடப் போக மாட்டான். இந்தப் பதினாறு ஆண்டில் அவன் மூன்று ஜோடி சப்பாத்துதான் வாங்கியிருப்பான் என்று அவன் அக்கா சத்தியம் செய்வாள்.

வேலையை விட்ட அன்று கையிலிருந்தது 610,000 வெள்ளி. ஒரு பகுதி சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம், மீதி உள்ளூர் வங்கிப் பங்குகளும் குறியீட்டு நிதியும். இது போக மசேநி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்கிலும் சிறப்புக் கணக்கிலும் சேர்த்து 310,000.

மாதச் செலவு 1,500 வெள்ளி. அத்தையிடம் 600 கொடுப்பான், அதில் சமையல், மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம் எல்லாம் அடக்கம். வெளிச் சாப்பாடும் கோப்பியும் 250. காப்புறுதி 180. பேருந்து, ரயில் 70. கைப்பேசி 12. மாதம் ஒரு முறை பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர், 120. மிச்சம் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை மதுரைப் பயணமாகிறது. வாடகை என்று ஒரு வரியே இல்லை. ஈசூனில் ஓர் அறை எடுத்துத் தங்கினால் ஆயிரம் வெள்ளியை ஒட்டிப் போகும். அவன் சிக்கனத்தின் முதல் தூண் அவனுடைய மன உறுதி என்று அவன் நினைக்கிறான். என் பார்வையில் முதல் தூண் அத்தையின் வீடு.

பணம் போதுமா என்பதை நீட்ட வேண்டாம். இப்படி முன்கூட்டி ஓய்வெடுப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி, ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்பது. 1994இல் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அங்கத்திய சந்தைக் கணக்கை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காகப் போட்ட கணக்கிலிருந்து கிளைத்தது. அத்தை மகனுக்கு 30 ஆண்டு போதாது, அவன் சந்தையும் அமெரிக்கச் சந்தை இல்லை. இருந்தாலும் அவனிடம் 34 மடங்கு இருந்தது. 65 வயதில் மசேநி ஆயுள் திட்டத்தின் மாதத் தொகை வரத் தொடங்கும். அதுவரை 24 ஆண்டு. விலைவாசி ஏறுகிற அளவுக்கே முதலீடும் ஏறுகிறது, அதற்கு மேல் ஒரு காசும் தரவில்லை என்று வைத்தாலும் தேவை 432,000. போதும்.

கொடுப்பது

மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். (அத்தையின் கொழுந்தனார் எனக்கு மாமா முறை.) இவனுக்கும் சேர்த்து மற்றவர்கள் வரி கட்டுகிறார்களா?

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் நீக்க வேண்டும். 63 வயது வரை வேலை செய்வது குடிமகன் கடமை என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். சட்டத்தில் ஓய்வு வயது என்பது முதலாளிக்குப் போட்ட வேலி. வயதைக் காரணம் காட்டி அதற்கு முன் ஆளை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். 2022 ஜூலையில் 63 ஆனது, 2026 ஜூலையில் 64 ஆகிறது. தொழிலாளி நாற்பதிலேயே கிளம்பினால் எந்தச் சட்டமும் தடுக்காது.

அடுத்தது ஓய்வூதியம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இன்று வேலை செய்பவரின் சந்தாவில்தான் இன்றைய முதியவரின் ஓய்வூதியம் ஓடுகிறது. அங்கே ஒருவர் நாற்பதில் நழுவினால் பாரம் அடுத்தவர் தோளுக்குப் போகிறது என்று வாதிடலாம். நம் ஊரில் 1955 முதல் மசேநியில் அவரவர் கணக்கு அவரவருக்கு. அவன் வேலையை விட்டபோது சம்பளத்தில் ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு, எல்லாம் அவன் பெயரிலேயே விழுந்தது. விழுவது நின்றால் குறைவதும் அவன் கணக்கில்தான். வேலையை இழந்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த உதவித்தொகையும், தானாக விலகியவர்களுக்குக் கிடையாது. இந்த வகையில் அவன் சொன்னது சரி. அவன் சாப்பாட்டுக்கு யாரும் காசு கட்டவில்லை.

வருமான வரியைப் பார்ப்போம். வேலையிலிருந்த கடைசி ஆண்டில் மசேநி, பெற்றோர் பராமரிப்பு முதலிய கழிவுகள் போக அவன் கட்ட வேண்டி வந்தது ஏறத்தாழ 2,400 வெள்ளி. 63 வரை அதே சம்பளத்தில் இருந்திருந்தால்கூட மொத்தம் 50,000 வெள்ளிக்கு மேல் அரசுக்குப் போயிருக்கும். இப்போது பூஜ்யம். உள்ளூர் நிறுவனங்களின் பங்காதாயத்துக்குத் தனிமனிதர் வரி கட்ட வேண்டியதில்லை, பங்கை விற்ற இலாபத்துக்கும் வரி இல்லை. அவன் எதையும் ஒளிக்கவில்லை, நாட்டின் வரிமுறை அப்படி.

ஆனால் அந்த நாற்காலி காலியாகவா கிடந்தது? இரண்டே மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்துக்கான வரியை அவர் கட்டுகிறார். ஒருவர் எழுந்தால் இன்னோர் ஊரிலிருந்து இன்னொருவர் வந்து அமரும் ஊர் இது. ஆகவே ‘நாடு ஒரு பொறியாளரை இழந்தது’ என்ற புலம்பல் பாதிதான் உண்மை. படிக்க வைத்த செலவு நம்முடையது, பதினாறு ஆண்டு உழைப்பும் நமக்குக் கிடைத்தது. மீதி இருபது ஆண்டுக்கு வேறோர் ஊர் படிக்க வைத்த பிள்ளையை வாங்கிக்கொண்டோம்.

இங்கேதான் என் பேனா ஒரு நிமிடம் நின்றது. நம்மில் வேலை செய்கிற ஒவ்வோர் இந்தியரின் சம்பளத்திலும் மாதா மாதம் சிண்டா நிதிக்கு ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். 4,500க்கு மேல் 7,500 வரை சம்பளம் என்றால் 9 வெள்ளி. எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வரும் இந்தியருக்கும் அதே பிடித்தம் உண்டு. அப்படியானால், சிண்டா வகுப்பில் படித்து ஆளான ஈசூன் பையனின் ஒன்பது வெள்ளி நின்றுவிட்டது, அவன் இடத்துக்கு வந்த கோயம்புத்தூர்க்காரரின் ஒன்பது வெள்ளி போகிறது. ஆண்டுக்கு 108 வெள்ளி. தொகையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். இதை அவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "நின்னது எனக்கே தெரியாது மச்சான். பிடிச்சதும் தெரியாது" என்றான். அது உண்மை. சம்பளச் சீட்டில் தானாகப் பிடித்தார்கள், சம்பளச் சீட்டு நின்றதும் தானாக நின்றது. கேட்டுக் கொடுக்கவுமில்லை, யோசித்து நிறுத்தவுமில்லை.

பொருள் சேவை வரியிலிருந்து மட்டும் யாரும் தப்ப முடியாது. 2024 முதல் 9 விழுக்காடு. அவன் ஆண்டுச் செலவான 18,000 வெள்ளியில் ஒவ்வொரு காசுக்கும் வரி விழுந்தது என்று வைத்தாலே 1,486 வெள்ளிதான். உண்மையில் அதைவிடக் குறைவு. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அவன் கோப்பி குடிக்கும் கடை அப்படிப்பட்டது. ஜொகூரில் செலவழிக்கும் 120இல் நம் அரசுக்கு ஒன்றும் வராது.

ஜொகூர் எனக்கு உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 950ஆம் எண் பேருந்தில் பாலத்தைத் தாண்டி முடிவெட்டுகிறான், பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டுகிறான், சவர்க்காரம் வாங்கி வருகிறான். அவன் புளோக்கின் கீழேயே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெரியவர் அவனைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவர். "ஏன்யா, என் கத்தி வெட்டாதா?" என்று ஒருமுறை கேட்டாராம். விடுமுறை நாளில் பாலத்தில் பாதி ஊரே நிற்கிறது, இவனை மட்டும் பிடித்து என்ன செய்வது? ஆனாலும் அந்தக் கேள்வி நன்றாக இருந்தது.

மாமாவின் வரிக் கணக்கையும் பார்த்தேன். அவர் வருமானத்துக்கு வருமான வரியே வராது. அவர் கட்டுவதும் பொருள் சேவை வரி மட்டுமே. குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்கே அரசு தரும் வொர்க்ஃபேர் தொகை அவருக்கு வருகிறது, இவனுக்கு வராது. இதை மாமாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கோபம் வரியைப் பற்றியது என்று நான் நினைக்கவுமில்லை. தூக்கம் கெட்ட உடம்பின் கோபம் அது.

வாங்குவது

கொடுப்பது குறைந்தது என்பதற்காக மட்டும் ஒருவனை நியாயமற்றவன் என்று சொல்லிவிட முடியாது. வாங்கும் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

நூலகம், பூங்கா, ஈசூன் நீச்சல் குளம். வார நாள் காலை பதினொரு மணிக்குக் குளத்தில் இவனும் நான்கு பெரியவர்களும்தான் இருப்பார்கள். கூட்டமில்லாத நேரத்தில் பொதுச் சொத்தைப் பயன்படுத்துபவனால் யாருக்கு நட்டம்? கடைகளில் செலவழிக்க அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்கிறது, 2025இல் நாட்டின் 60ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு பெரியவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. எனக்கும் வந்தது. அதில் பேச்சில்லை. மெடிஷீல்டு லைஃப் கட்டாய மருத்துவக் காப்புறுதி, அவன் வயதுக்குரிய சந்தா மசேநியின் மெடிசேவ் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்டில் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டாக அவன் வங்கிக் கணக்கில் 850 வெள்ளி விழுந்தது. வரிக்குரிய ஆண்டு வருமானம் 39,000க்குள், வீட்டின் ஆண்டு மதிப்பு (ஓராண்டு வாடகைக்கு விட்டால் கிடைக்கும் தொகையின் மதிப்பீடு) 21,000க்குள் இருக்கும் குடிமக்களுக்கு அந்தத் தொகை. அவன் வருமானம் பூஜ்யம், வீடு வீவக வீடு. தகுதி உண்டு. அவன் கட்டியிருக்கக்கூடிய அதிகபட்ச வரியிலிருந்து இதைக் கழித்தால் 636 வெள்ளி. ஆறு லட்சம் வைத்திருக்கும் ஒருவன் ஓராண்டில் பொதுப் பெட்டியில் போட்ட நிகரத் தொகை அது.

அடுத்து நீல அட்டை. மருத்துவச் செலவுக்கு அரசு மானியம் தரும் சாஸ் அட்டை தெரியாதவர் இங்கே குறைவு. தனியார் மருந்தகத்தில் (கிளினிக்கில்) காய்ச்சல், இருமலுக்குப் போனால் நீல அட்டைக்கு ஒரு வருகைக்கு 18.50 வெள்ளி வரை மானியம், ஆரஞ்சு அட்டைக்கு 10 வெள்ளி வரை. பச்சை அட்டைக்கு இந்தச் சாதாரண நோய்களுக்கு ஒன்றும் கிடையாது. நிறத்தைத் தீர்மானிப்பது குடும்பத்தின் தலைக்குரிய மாத வருமானம். வேலையிலிருந்தபோது 7,200ஐ இரண்டு தலைக்குப் பிரித்தால் 3,600, பச்சை. வேலையை விட்டதும் வீட்டில் யாருக்கும் வருமானம் இல்லை. வருமானமே இல்லாத குடும்பத்துக்கு வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து அளக்கிறார்கள். வீவக வீடுகளில் பெரும்பாலானவை கீழ் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். பச்சையிலிருந்து ஆரஞ்சைத் தாண்டி நேரே நீலம். பொது மருத்துவமனையின் மானியப் படுக்கைக்கும் இதே வகை அளவுகோல்தான்.

அவன் பொய் சொன்னானா? இல்லை. விண்ணப்பம் பங்குகளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இந்த விதியை வகுத்தவர்கள் யாரை நினைத்து வகுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளமும் இல்லாமல், காட்ட எந்தத் தாளும் இல்லாமல், பழைய வீடு ஒன்றில் இருக்கும் மூதாட்டியை. அவரிடம் போய்ச் சொத்துப் பட்டியல் கேட்கக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. சம்பளத்தைத் தவிர வேறு வழியில் பணம் வைத்திருப்பவன் ஈசூன் நான்கறை வீட்டில் இருப்பான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நம் ஊரின் கணக்குப் புத்தகத்தில் ஒருவன் கொடுப்பதும் சம்பளச் சீட்டு வழியாக, அவனுக்குத் தேவை இருக்கிறதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் சம்பளச் சீட்டு வழியாக. சம்பளச் சீட்டைக் கிழித்துப் போட்டவன், கொடுப்போர் பக்கத்திலிருந்து மறைந்து தேவைப்படுவோர் பக்கத்தில் முளைக்கிறான்.

சிக்கனமாக இருந்ததற்காக அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம்மை வளர்த்தவர்கள்தானே பெரியவர்கள். அதைச் சொன்னபடி செய்தவன் மேல் அவர்களே பாய்வது வேடிக்கை. ஆனால் நீல அட்டை சிக்கனத்தில் சேராது. அது வேறொருவருக்காகப் போட்ட நாற்காலி.

இதைச் சொன்னதும் அவன் முதல் தடவையாகச் சூடானான். "அம்மாவுக்காகத்தான் எடுத்தேன் மச்சான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாசம் எவ்வளவு ஆகுது தெரியுமா?"

அத்தை 1953இல் பிறந்தவர். மெர்டேக்கா தலைமுறை, 1950களில் பிறந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் அது. வருமானம் எதுவானாலும் அவருக்குச் சாஸ் மருந்தகங்களில் தனிச் சலுகை உண்டு, மகனின் நீல அட்டை அதற்குத் தேவையே இல்லை. நான் சொன்னபோது அத்தை அடுக்களையிலிருந்து, "ஆமாடா, என்கிட்ட அந்த அட்டை வேற இருக்கே" என்றார். அவன் பேச்சை மாற்றினான்.

அக்கா

இந்த ஆய்வு இங்கேயே முடிந்திருக்கும். ஒரு நாள் அவனுடைய பழைய சேமிப்புப் புத்தகத்தை ஆண்டு வாரியாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2018, 2019, 2020 மூன்றிலும் சேமிப்பு நன்றாக ஏறியிருந்தது, மூன்றாண்டும் சேர்ந்து 95,000 வெள்ளிக்கு மேல்.

2018இல்தான் அத்தையின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. படுத்த படுக்கை. அத்தை ஒருவரால் புரட்டிப் போட முடியாது. சுவா சூ காங்கில் இருந்த அக்கா, ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், வேலையை விட்டாள். அப்போது அவளுக்கு 40 வயது, இவன் வேலையை விட்ட வயதைவிட ஒன்று குறைவு. தினமும் காலையில் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஈசூனுக்கு வருவாள். துடைப்பது, ஊட்டுவது, மருத்துவமனைக்கு வண்டி பிடிப்பது. மூன்று ஆண்டு. 2021இல் அவர் இறந்த பிறகு வேலை தேடினாள். பழைய சம்பளம் 2,900, பழைய வேலை எங்கேயும் இல்லை. இப்போது பாலர் பள்ளி ஒன்றின் சமையலறையில் பகுதிநேரம், 1,700 வெள்ளி.

கணக்காளன் புத்தி, கணக்குப் போட்டேன். 2,900க்கு 37 விழுக்காடு, 36 மாதம். 38,000 வெள்ளிக்கு மேல் அவள் மசேநியில் விழாமல் போயிருக்கிறது. வட்டி தனி. சம்பளம் ஒரு லட்சத்துக்கு மேல். அக்கா வராமல் இருந்திருந்தால் பணிப்பெண்ணோ இல்லமோ தேடியிருக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழுந்திருக்கும்? வீட்டில் சம்பாதித்த ஒரே ஆள் இவன்.

அவள் வேலையை விட்டபோது யாரும் ‘முன்கூட்டிய ஓய்வு’ என்று சொல்லவில்லை. சமுதாயத்துக்கு இது நியாயமா என்று எந்தத் தீபாவளியிலும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அவள் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கணவர் சம்பளம் 5,200. இருவர் சம்பளத்தையும் நான்கு தலைக்குப் பிரித்தால் 1,725 வெள்ளி. ஆரஞ்சு அட்டை. இருமலென்று மருந்தகத்துக்குப் போனால் சமையலறையில் நிற்கும் அக்காவுக்கு 10 வெள்ளி வரை, நீந்திவிட்டு வரும் தம்பிக்கு 18.50 வரை.

இதை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வைத்தேன். தமிழில் ஒரு சொல்லும் இல்லை, வெறும் எண்கள். வெகுநேரம் பார்த்தான். "அக்கா என்கிட்ட ஒரு நாளும் கேக்கலையே" என்றான். அவள் கேட்கிற ஆள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மீதி வாதங்கள்

எல்லோரும் இப்படியே செலவைக் குறைத்தால் கடைகள் மூடிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. 1936இல் பொருளியலாளர் கெய்ன்ஸ் பிரபலமாக்கிய கவலை அது. தனியாளுக்கு நல்லது ஊரே செய்தால் கெட்டதாகலாம். வாதம் சரி, ஆனால் ஊரே செய்யப் போவதில்லை. கடைவீதியான ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தால் இந்தக் கவலை போய்விடும்.

பிள்ளை பெறாதவன், முதுமையில் மற்றவர் பெற்ற பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்றார் ஒரு சின்னம்மா. நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள்) 2023இல் 0.97க்கு இறங்கியது. 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65ஐத் தொட்டிருப்பார். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் வேலையில் இருக்கும் திருமணமாகாதவரையும் இது இதே அளவு சுடும். ஓய்வோடு இதை முடிச்சுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவன் வாழ்க்கை மலிவாக இருப்பதற்கு, மூன்றரை வெள்ளிக்குச் சோறு போடும் கடைக்காரரும், மேசை துடைக்கும் மூதாட்டியும், நடைபாதை கூட்டும் வங்காளதேசத்து இளைஞரும் முழுநேரம் உழைப்பது காரணம் என்பதை மட்டும் தள்ளிவிட முடியவில்லை. அவர்களில் யாராலும் 41இல் நிறுத்த முடியாது. அதே சோற்றை அதே விலைக்கு நானும்தான் சாப்பிடுகிறேன் என்பதால் இதை நீட்டாமல் விடுகிறேன்.

அவன் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2024 நடுவிலிருந்து அத்தைக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. பலதுறை மருந்தகம், கண் சிகிச்சை, ஈரச்சந்தை, சமையல் எல்லாம் இப்போது அவன் கையில். அக்கா ஞாயிறு மட்டும் வருகிறாள். அவன் வேலையில் இருந்திருந்தால் அவள் இரண்டாவது முறையும் வேலையை விட்டிருப்பாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா சொன்ன ‘வீட்ல கெடக்கான்’ என்பது இப்போது பொருந்தாது. மாமாவும் அதற்கப்புறம் சொல்லவில்லை. ஆனால் இதற்காகத்தான் வேலையை விட்டேன் என்று அவன் ஒருமுறை ஆரம்பித்தபோது நான் நிறுத்தினேன். விட்டது நீந்துவதற்காக. அம்மாவைப் பார்க்க நேர்ந்தது பிறகு.

பின்னால் நடந்தது

2025 ஜனவரியில் அவன் அக்காவின் மசேநி சிறப்புக் கணக்கில் 8,000 வெள்ளி ரொக்கமாகப் போட்டான். வருமானம் மிகக் குறைந்த உடன்பிறந்தவர் கணக்கை நிரப்பினால் ஓர் அளவு வரை வரிக்கழிவு உண்டு, ஆனால் அவனுக்குக் கழிக்க வரியே கிடையாது. ஆகவே அதில் உள்நோக்கம் தேட இடமில்லை. ஆண்டுதோறும் போடுவதாகச் சொன்னான். 38,000 தீரும் வரை என்று அவன் சொல்லவில்லை, நான்தான் மனதுக்குள் ஐந்து ஆண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "அத்தான், நீங்க சொல்லித்தானே போட்டான்? பெரியவன் பாலிடெக்னிக் போறான், மடிக்கணினி வாங்கணும். இது அறுபத்தஞ்சு வயசுல வரும். கையில குடுத்தா என்னவாம்?" மசேநியில் போடு என்று நான்தான் சொல்லியிருந்தேன், நாலு விழுக்காடு வட்டி என்று. எனக்குப் பதில் இல்லை. அடுத்த தவணை ரொக்கமாகப் போனதாகக் கேள்வி.

சிண்டாவுக்கு மாதம் ஒன்பது வெள்ளி நேரடியாகக் கொடுக்கலாமே என்று ஒரு முறை சொன்னேன். "அட்டை, அக்கா, இப்ப சிண்டாவா?" என்றான். அதோடு விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். சாஸ் அட்டையின் காலம் முடியப்போகிறது என்ற கடிதம் பிரிக்கப்பட்டு மேசையில் கிடந்தது. "என்ன முடிவு?" என்று கேட்டேன். "இன்னும் நாள் இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போனான். அத்தை அது என்ன தாள் என்று பார்க்காமல் அதன் மேலேயே முருங்கைக்காயை வைத்து நறுக்க ஆரம்பித்தார். நானும் எடுத்து வைக்கவில்லை.